வலது கை மட்டும்

வலியசாலை, திருவனந்தபுரம்
12-2-1978

அனந்தத்துக்கு,

உன் அக்கா நாகலக்ஷ்மி எழுதுவது. ஆசீர்வாதம் என்று எழுத வேண்டிய இடத்தை இந்தத் தடவை விட்டிருக்கிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

எதிர்வரிசை ஸ்ரீனிவாசன் உங்கள் லீட்ஸிலிருந்து லீவில் வந்திருக்கிறான். தெருவுக்கெல்லாம் சாக்லேட் கொண்டுவந்தான். நம் ஆத்துக்கு மட்டும் கூடவே ஒரு பேப்பர் துண்டு. அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்த போட்டோவாம். ஏழெட்டு வெள்ளைக்காரிகள் அங்கியை மாட்டிக்கொண்டு வட்டமாக நிற்கிறார்கள். நடுவில் நீ. அம்மாவின் மாம்பழக்கலர்ப் பட்டைக் கட்டிக்கொண்டு, கையில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு. கறுப்பு வெள்ளைப் படமானால் என்ன, அந்தக் கரை எனக்குத் தெரியாதா? கீழே இங்கிலீஷில் இருந்ததை உன் அத்திம்பேர்தான் வாசித்து அர்த்தம் சொன்னார். 'நம் ஊர்ச் சூனியக்காரிகள்' என்று போட்டிருக்கிறதாம். சொல்லிவிட்டு மனுஷர் அன்று மத்தியானம் சாப்பிட உட்காரவில்லை.

இங்கே இருந்தபோது துடைப்பத்தைத் தொடச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். அதைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கத்தானா சீமைக்குப் போனாய்? புருஷனோடு வாழவில்லை, சரி, அது உன் தலையெழுத்து. லைப்ரரியில் வேலை என்றாய், அதையும் கோவிலில் கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் என்ன சொல்ல? என் தங்கை ராத்திரியில் துடைப்பத்தில் ஏறிப் பறக்கிறாள் என்றா?

சுப்புவை நினைத்துப் பார்த்தாயா? போன ஆவணியில்தான் கல்யாணம் பண்ணிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை வெங்கடகிருஷ்ணன் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதுகிறவர், கல்லாற்றில் குவார்ட்டர்ஸ், நல்ல இடம். சித்தி சூனியக்காரி என்று அவர் காதில் விழுந்தால் என் பெண் கதி என்ன? அவளே பாவம், போன வாரம் ஆற்றுப் பாறையில் வழுக்கி விழுந்து தாடை வீங்கிக் கிடக்கிறாள்.

இந்தக் கூத்தை விடுகிற வரை எனக்கு எழுத வேண்டாம்.

நாகலக்ஷ்மி

—

லீட்ஸ்
24-2-1978

அக்காவுக்கு அனந்தம் அநேக நமஸ்காரம். நீ விட்டாலும் நான் விடவில்லை.

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். ஸ்ரீனிவாசன் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு தெருவே தீர்ப்புச் சொன்னால் எப்படி?

ஆமாம், விட்ச் என்றுதான் நாங்கள் எங்களைச் சொல்லிக்கொள்கிறோம். என்ன செய்கிறோம் என்று கேள். காலையில் எழுந்து ஜன்னல் ஓரம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். ஒரு கிண்ணத்தில் உப்பு, ஒன்றில் தண்ணீர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி டோரதி என்பவள் வீட்டில் கூடுகிறோம். அவள் ரொட்டிக் கடை வைத்திருப்பவள், எங்களில் பெரியவள். தரையைப் பெருக்குகிறோம். குப்பை போவதற்கு அல்ல, இடத்தில் இருக்கிற கெட்டது போவதற்கு. பிறகு வட்டம் போட்டு, நாலு திக்கையும் கூப்பிட்டு, சந்திரனை அம்மா என்று கும்பிட்டு, ஆளுக்கொரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். அக்டோபர் கடைசியில் செத்துப்போனவர்களுக்கு ஒரு தட்டு வைப்போம். நான் அம்மாவுக்குத் தயிர்சாதமும் மாவடுவும் வைத்தேன். இந்த ஊரில் மாவடுவுக்கு எவ்வளவு அலைந்தேன் தெரியுமா?

நீ வாசலில் கோலம் போடுகிறாய். சுப்புவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுகிறாய். அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைக்கிறாய். நீ செய்தால் ஆசாரம், நான் செய்தால் சூனியமா? உன் ஆசாரத்தில் இல்லாத ஒன்று எங்களிடம் உண்டு. யாருக்கும் தீங்கு நினைக்கக் கூடாது, அனுப்பியது மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்பதுதான் எங்கள் முதல் விதி. வலியசாலையில் நாலு பேர் கூடிப் பேசும்போது இந்த விதி இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஒன்று கேட்கிறேன். தலைதீபாவளிக்கு வந்தபோது சுப்பு குளியலறையில் விழுந்து வந்திருந்ததாக எழுதினாய். இப்போது பாறையில் விழுந்தாளா?

அனந்தம்

—

வலியசாலை
19-3-1978

அனந்தத்துக்கு,

அம்மாவுக்கு வேண்டிய பிண்டம் இங்கேயே முறைப்படி கிடைக்கிறது. தயிர்சாதம் சாப்பிட அவள் லீட்ஸுக்குப் பறந்து வர வேண்டியதில்லை. அதுவும் கேக் தின்கிறவர்கள் வீட்டுத் தட்டில்.

நீ எழுதியதற்கு மேலேயே எனக்குத் தெரியும். உன் அத்திம்பேர் ஒரு இங்கிலீஷ் வாரப் பத்திரிகையில் தேடிப் படித்துச் சொன்னார். உங்களில் சில பேர் ஒட்டுத்துணி இல்லாமல் நின்றுகொண்டு பூஜை பண்ணுவார்களாமே. கறுப்புப் பிடி போட்ட கத்தி ஒன்று வைத்திருப்பீர்களாம், அதால் எதையும் வெட்டக் கூடாதாம். ஒரு வெள்ளரிக்காய்கூட நறுக்காத கத்தியை வைத்துக்கொண்டு என்னடி பண்ணுவாய்? குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடும், நீங்கள் நரைத்த தலையோடு விளையாடுகிறீர்கள். என் கோலத்தை இதோடு சேர்த்துப் பேச உனக்கு வாய் கூசவில்லை.

சுப்புவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாறையில்தான் விழுந்தாள். அவளே சொன்னாள். போன வாரம் நானே பஸ் பிடித்துக் கல்லாற்றுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருக்கிறாள். எது கேட்டாலும் அந்த ஊர்க்காரர்கள் மாதிரி 'சாரமில்லை அம்மா, சாரமில்லை' என்கிறாள், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று. இந்த வேகாத வெயிலில் முழங்கைக்குக் கீழே இறங்குகிற ரவிக்கை போட்டிருந்தாள். புது மோஸ்தராம்.

அந்த ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். வேறு விசேஷம் இல்லை.

நாகலக்ஷ்மி

—

லீட்ஸ்
2-4-1978

அக்கா,

எங்கள் கூட்டத்தில் எல்லாரும் அங்கி போட்டுக்கொள்கிறோம். இந்த ஊர்க் குளிரில் நீ சொல்கிறபடி நின்றால் பூஜை முடிவதற்குள் ஆம்புலன்ஸ் வர வேண்டும். அத்திம்பேருக்குச் சொல்.

கேலி போதும். அவன் அவளை அடிக்கிறான். அந்த ரவிக்கையை நானும் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், லீட்ஸுக்கு வந்த முதல் வருஷம். மோஸ்தர் என்றுதான் நானும் உனக்கு எழுதினேன். பிறகு நிஜத்தையும் எழுதினேன். நீ என்ன பதில் போட்டாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும்.

போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா.

அனந்தம்

—

வலியசாலை
28-4-1978

அனந்தம்,

கூட்டிக்கொண்டு வா என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். கடையில் கொடுத்த புடவையா, கரை பிடிக்கவில்லை என்று திருப்பி வாங்க? நீ சீமையில் தனியாக இருந்துவிட்டாய், அங்கே கேட்க நாதியில்லை. இங்கே ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கண் இருக்கிறது. வாழாவெட்டி என்று ஒரு தடவை பெயர் விழுந்தால் என் பெண் கோவிலுக்குக்கூடத் தலைகுனிந்துதான் போக வேண்டும். உன் அத்திம்பேரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சின்னஞ்சிறிசுகள், போகப் போகச் சரியாகும் என்றார். ஆடிக்காவது அழைத்து வரலாம் என்று கேட்டு அனுப்பினேன். ஆடிக்கும் அனுப்ப மாட்டேன் என்று அந்தப் பாவி சொல்லிவிட்டான். முதல் ஆடிக்குப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று சொன்ன மாப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை.

அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நீ சூனியக்காரிதானே. எதையாவது பண்ணு.

இங்கே ஒருத்தனைப் பார்த்தேன், நெடுமங்காட்டுக்கு அப்பால். பெரிய மந்திரவாதி என்றார்கள். எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு கறுப்புச் சேவல் கொண்டுவா என்றான். வலியசாலை அக்ரஹாரத்தில் சேவலை எந்த மடிசாரில் மறைத்துக்கொண்டு போவேன்? எழுந்து வந்துவிட்டேன்.

உனக்குச் சேவல் கீவல் வேண்டாமே, மெழுகுவர்த்திதானே. ஆனால் கவனமாகக் கேட்டுக்கொள். உயிருக்கு ஒன்றும் ஆகக் கூடாது. என் பெண் கழுத்தில் மாங்கல்யம் நிற்க வேண்டும். கால் போனால் அவள்தான் தூக்கிச் சுமக்க வேண்டிவரும், அதுவும் வேண்டாம். கண்ணும் வேண்டாம். வலது கை மட்டும். தோளிலிருந்து தூக்க முடியாமல் போனால் போதும். ஜாதகப்படி அவன் நக்ஷத்திரம் விசாகம்.

உங்கள் ஆட்கள் எல்லாரையும் சேர்த்துக்கொள். நடுவில் ஒட்டுத்துணி இல்லாமல் நிற்க வேண்டுமானாலும் நில்லு, நான் கேட்கவில்லை.

நாகலக்ஷ்மி

—

லீட்ஸ்
12-5-1978

அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு ரொம்ப நேரம் அழுதேன்.

முடியாது அக்கா. தீங்கு நினைக்கக் கூடாது என்று நான் எழுதியது அலங்காரத்துக்கு அல்ல. டோரதியிடம்கூடக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒருத்தன் கையைக் கட்ட நினைத்தால் நம் கைதான் முதலில் கட்டுப்படும் என்றாள். நான் அதை நம்புகிறேன். நம்பிக்கை இல்லாமல் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள் இல்லை நான்.

சுப்புவுக்குக் காவலாக வேண்டுமானால் தினமும் விளக்கேற்றுகிறேன். அது என்னால் முடியும்.

அனந்தம்

—

வலியசாலை
30-5-1978

அனந்தத்துக்கு,

நன்றாக இருக்கிறது. சூனியக்காரி என்று பத்திரிகையில் போட்டோ, ஊர் முழுக்க மானம் கப்பலேறியாயிற்று, கடைசியில் ஒரு கையை முடக்கத் தெரியவில்லை. கோழி கேட்டவனாவது தொழில் தெரிந்தவன். நீங்கள் எல்லாம் என்ன சூனியக்காரிகள்? லேடீஸ் கிளப் என்று போர்டு மாட்டிக்கொள்ளுங்கள். பெருக்கி, வட்டம் போட்டு, கேக் தின்றுவிட்டுக் கலைகிறதற்கு எதற்கு இத்தனை பெரிய பெயர்? உன்னைப் பார்த்துப் பயந்த நான்தான் முட்டாள்.

காவலுக்கு விளக்கேற்றுகிறாளாம். உன் விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதுதான் நடந்தது. நேற்று மறுபடி போயிருந்தேன். அடுக்களையில் அவளுக்கு இடது பக்கம் நின்று பேசினேன். திரும்பவில்லை. ஏதோ கோபம் என்று நினைத்து மறுபடி கூப்பிட்டேன். கரண்டியை வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தாள். தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். அந்தக் காது போய்விட்டது அனந்தம். 'சாரமில்லை அம்மா, இன்னொண்ணு இருக்கே' என்றாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீடு வந்து சேர்ந்ததுகூட ஞாபகம் இல்லை.

உன் மூன்று மடங்கை நான் வாங்கிக்கொள்கிறேன். என் பெயரில் அனுப்பு. எனக்கு வயசாகிவிட்டது, எது முடங்கினால் என்ன.

நாகலக்ஷ்மி

—

லீட்ஸ்
13-6-1978

அக்கா,

சரி. செய்வோம். ஆனால் இதற்கு உன் கை வேண்டும். சொன்னதில் ஒன்று பிசகினாலும் பலிக்காது. அவன் கை என்ன ஆகும் என்று இப்போது கேட்காதே. நீ செய்ய வேண்டியதை மட்டும் படி.

ஜூலை இருபது, வியாழன், பௌர்ணமி. ஆடி பிறந்திருக்கும். காலையில் அவன் ஆபீஸுக்குப் போன பிறகு நீ அங்கே இருக்க வேண்டும். அதே வேளையில் நாங்கள் இங்கே வட்டத்தில் நிற்போம். இங்கே அப்போதுதான் விடியும், எல்லாரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

புதுத் துடைப்பம் வாங்கிக்கொள். யாரும் தொட்டிருக்கக் கூடாது. பின்கட்டிலிருந்து வாசல் வரை ஒரு மூலை விடாமல் நீயே பெருக்கு. பிறகு ஆற்றுத் தண்ணீரில் உப்புக் கரைத்துத் தெளி. நடுக்கூடத்தில் சுப்புவை நிற்க வைத்து, அவளைச் சுற்றி உப்பால் வட்டம் போடு. அவள் பொருள் எல்லாவற்றையும் வட்டத்துக்குள் கொண்டுவந்து மூட்டை கட்டு. புடவை, நகை, பி.ஏ. சர்ட்டிபிகேட், சீப்பு, டம்ளர் எல்லாம். அவள் தலைமுடி ஒன்றுகூட அந்த வீட்டில் தங்கக் கூடாது. தங்கினால் கட்டு அறாது.

பிறகு அவள் கையைப் பிடி. பிடித்தால் வட்டம் உன்னோடு நகரும். இரண்டு பேரும் சேர்ந்து வாசலைத் தாண்டுங்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது. வழியில் யார் கேட்டாலும் நீ பேசக் கூடாது. வலியசாலைக்கு வந்து, நிலைப்படியில் உப்பைக் கோடாகப் போட்டு, உள்ளே போய் விளக்கேற்று. ஏற்றிய பிறகுதான் கையை விடலாம், வாயைத் திறக்கலாம். நான் எழுதுகிற வரை சுப்பு அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

தெருவில் கேட்டால் ஆடிக்கு வந்திருக்கிறாள் என்று சொல். முதல் ஆடி, யாருக்கும் சந்தேகம் வராது.

அனந்தம்

—

வலியசாலை
26-7-1978

அனந்தத்துக்கு ஆசீர்வாதம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். உன் வித்தை பலிக்கவில்லை. அவன் வலது கைக்கு ஒரு சுளுக்குக்கூட இல்லை. எப்படித் தெரியும் என்றால், அதே கையால்தான் ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்டினான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீ சொன்னதில் நான் ஒன்றும் பிசகவில்லை. ஆரியசாலைக் கடைத்தெருவில் துடைப்பம் வாங்கி, யாரும் தொடாமல் புடவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கல்லாறு வழியாகப் போகிற பொன்முடி பஸ்ஸில் போனேன். சித்தி மந்திரம் அனுப்பியிருக்கிறாள் என்று சுப்புவிடம் சொன்னதும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ மாசம் ஆயிற்று. 'சித்திக்கு வேற வேலையில்லையா அம்மா' என்றாள். நான் சொன்ன இடத்தில் வந்து நின்றாள்.

கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது வளையல் துண்டாக வந்துகொண்டே இருந்தது. பச்சை, சிவப்பு, தங்க வரி போட்டது. முறத்தில் அள்ளினேன். அத்தனை வளையல் நான் வாங்கிக் கொடுக்கவே இல்லை. உடைய உடைய அவளே வாங்கிப் போட்டுக்கொண்டு, நான் வரும்போது கை நிறையக் காட்டியிருக்கிறாள். முறத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நீ சொன்ன மந்திரம் கெட்டுவிடுமே என்று எழுந்தேன். அதற்கு மேல் அவள் 'சாரமில்லை' என்று சொல்லவில்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டிரைவர் பெண்டாட்டி மூட்டையைப் பார்த்துவிட்டு 'அம்மே, எங்கோட்டா' என்று, எங்கே கிளம்பிவிட்டோம் என்று கேட்டாள். பேசக் கூடாதே, நான் விழித்தேன். அவள் சுப்புவைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், அதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டுப் போனாள். பஸ்ஸில் கண்டக்டர் ஊர் கேட்டான். முன்னால் கையைக் காட்டினேன். ஊமை என்று நினைத்துத் திருவனந்தபுரம் கோட்டைக்கு இரண்டு டிக்கெட் கிழித்தான். எஸ்டேட் ஆபீஸ் வாசலில் பஸ் நின்றது. அவன் வராந்தாவில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். சுப்புவின் கை நழுவப் பார்த்தது. நான் விடவில்லை. அவன் பஸ்ஸைப் பார்த்தானே ஒழிய எங்களைப் பார்க்கவில்லை.

வீட்டில் உன் அத்திம்பேர் என்ன இது, என்ன இது என்று பின்னாலேயே வந்தார். நான் வாய் திறக்கவில்லை. ஒற்றைக் கையால் நெருப்புக்குச்சி கிழிக்க முடியுமா? சுப்பு தன் இன்னொரு கையால் பெட்டியைப் பிடித்தாள், நான் கிழித்தேன். விளக்கேற்றிய பிறகு, ஆடிக்கு வந்திருக்கிறாள் என்றேன். அவர் அவள் இடது பக்கம் நின்று ஏதோ கேட்டார். அவள் திரும்பவில்லை. பிறகு சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், 'சாப்டியாம்மா' என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். உன் உப்பைப் பற்றியும் சொல்கிறேன். அது அவன் செருப்பில் ஒட்டிக்கொண்டது, வேறொன்றும் பண்ணவில்லை. நான்தான் நிலையை மறித்துக்கொண்டு நின்றேன். எதிர்வரிசை முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. நானே உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. அப்போது உன் அத்திம்பேர் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். 'ஆடி மாசம். பொண்ணு இங்கதான் இருப்பா' என்றார். ஆடி முடிந்ததும் என்று அவன் கையை நீட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தான். 'முடிஞ்சப்புறம் என்ன பேசணுமோ வக்கீல் பேசுவார்' என்றார். அவன் தெருவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

ஆக, கை அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் அந்தக் கையால்தான் ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டிருப்பான். இதற்கு விடியற்காலையில் எழுந்து அத்தனை பேர் வட்டத்தில் நின்றீர்களாக்கும். அந்த ரொட்டிக்கடைக்காரியிடம் சொல், ரொட்டியை மட்டும் கவனித்தால் போதும் என்று. நீயும் அந்த வெட்டாத கத்தியைத் தூரப் போடு. துடைப்பம் மட்டும் நல்ல துடைப்பம். நான் வைத்துக்கொண்டேன்.

உன் பதில் வருவதற்குள் ஆடி முடிந்துவிடும். ஆவணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது. உன் அத்திம்பேரும் கேட்கச் சொன்னார்.

சுப்பு கூடத்தில் தூங்குகிறாள். நல்ல காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் ஒரு சத்தமும் கேட்பதில்லையாம், இந்த ஒரு வாரமாக அப்படித்தான் தூங்குகிறாள்.

இன்னொன்று. விளக்கேற்றியதும் கையை விடலாம் என்று எழுதியிருந்தாய். நான் விடவில்லை. அன்று அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தூங்கின பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன். மந்திரம் பலிக்காமல் போனதற்கு அதுதான் காரணம் என்று எழுதி வைக்காதே. மறுபடி பண்ணச் சொன்னாலும் நான் விட மாட்டேன்.

நாகலக்ஷ்மி